அருவிக்கரை நியாயம்

குற்றாலத்தில் சாரல் சீசன். தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்து, கோவணத்தோடு குளிக்க வந்த நூறு பேரையும் அருவிக்கரையில் போலீஸ்காரர் கம்பை நீட்டித் தடுத்தார்.

"யாரும் குளிக்கக் கூடாது! பெரிய அதிகாரி வீட்டுக்காரங்க வாராங்க."

எல்லாரும் முணுமுணுத்தார்கள். இசக்கியப்பன் மட்டும் கத்தினார். அந்தக் கத்தலில் அருவியே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் விழுந்தது.

"அருவி என்ன அவுக அப்பன் வீட்டுக் குழாயா? எண்ணெய் கண்ணுல இறங்கி எரியுதுய்யா!"

"நீங்களே போய்க் கேளுங்க அண்ணாச்சி. பின்னால நாங்க இருக்கோம்லா" என்றார் ஜவுளி வியாபாரி மசூது, இரண்டடி பின்வாங்கியபடி.

இசக்கியப்பன் விறுவிறுவென்று போய்ப் போலீஸ்காரர் காதில் ஏதோ சொன்னார். போலீஸ்காரர் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். ஒரு கோவணத்துக்குச் சல்யூட்! கம்பு உயர்ந்தது. இசக்கியப்பன் அருவிக்குள் போனார்.

மசூது ஆவல் தாங்காமல் போலீஸ்காரரிடம் கேட்டார். "அப்படி என்னய்யா சொன்னாரு?"

"நாளைக்கு எங்க ஸ்டேஷனுக்கு வார புது இன்ஸ்பெக்டர் அவுகதானாம்."

"அட, நம்ம ஆளு!" மசூது குதித்தார். "அண்ணாச்சீ, எங்களையும் விடச் சொல்லுங்க!"

அருவிக்குள்ளிருந்து அதே குரல் வந்தது.

"யாருலே அங்கன சத்தம் போடுதான்? பெரிய அதிகாரி வீட்டுக்காரங்க வார நேரம்லா!"