தாடைப் பொருத்தம்

கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்பது போய், பெண்ணின் தாடை ஸ்கேனைக் கேட்கும் காலம் வந்துவிட்டது. சின்ன வயதில் கம்பி போட்டதில் அங்கயற்கண்ணியின் பற்கள் அணிவகுத்து நின்றன. வேரைப் பிடித்திருந்த எலும்புதான் அங்கங்கே கரைந்து ஓட்டையாகியிருந்தது. வந்த வரனெல்லாம் அதைப் பார்த்ததுமே காபியைக் குடித்துவிட்டு நழுவியது.

இன்று வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, கூடத்துச் சுவரில் ஒளிர்ந்த ஸ்கேனைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். "இந்த எலும்பை வச்சுக்கிட்டு இவ என்னத்தைக் கடிக்கப்போறா? எங்க பையன் கல்லைக் குடுத்தாலும் கடிப்பான்."

அங்கயற்கண்ணிக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. தலை குனிந்தபோது மாப்பிள்ளை சீராளனின் கை அவள் கண்ணில் பட்டது. எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க, அவன் முறுக்கைக் காபி டம்ளருக்குள் அமுக்கிப் பிடித்திருந்தான், தினமும் அவள் செய்வதைப் போலவே. வெளியே எடுத்தான், விரலால் நசுக்கிப் பார்த்தான், மறுபடி முக்கினான்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"சூடா இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா? முறுக்கு ஊற மாட்டேங்குது போல."