அடுத்த வாரமும் வெயில்தான்

"திங்கள்லேருந்து ஞாயிறு வரைக்கும் முப்பத்தெட்டு டிகிரிப்பா. இங்க நம்ம செண்டாயான் பக்கம் வெயில் எச்சரிக்கை குடுத்திருக்காங்க. வயசானவங்க வெளிய வரக்கூடாதாம்."

ரதியின் மடியிலிருந்த லேப்டாப்பில் முப்பத்திரண்டு என்று இருந்தது. ஏழு நாளும் பிற்பகலில் மழை என்று ஏழு சின்ன மேகங்கள் வரிசையாக நின்றன.

ஞாயிறு சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து வாரத்தின் வானிலையை வாசித்துக் காட்டுவது அவள் வழக்கம். அப்பா திருநாவுக்கரசு நாற்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரம் நனைந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை என்பதால் விடிகாலை நாலு மணிக்கே எழுந்து வானத்தைப் பார்ப்பார். வேலையை விட்டுப் பத்து வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

போன தீபாவளிக்கு மகள் வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான் கதவைத் திறந்தார். திருட்டு அலாரம் அலறி, அந்த வரிசை வீடுகள் முழுக்க விளக்கு எரிந்தது. ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்த அவள் கணவன் சசிதரன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குத்தான் அவள் பயந்தாள்.

அதனால்தான் இரண்டு மாதத்துக்கு முன் அப்பா முதன்முறையாக, ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டபோது, இல்லாத வெயிலை வாசித்தாள். மறுவாரம் புகைமூட்டம். அதற்கடுத்த வாரம் புயற்காற்று. செண்டாயான்மேல் அவள் ஏவிவிடாத வானிலை இல்லை. எதற்காக வர நினைக்கிறார் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

"அப்படியாம்மா? காத்து நல்லாத்தான வீசுது."

"அங்க தோட்டம்பா. இங்க எல்லாம் சிமெண்டு. கொதிக்குது."

பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். ஜன்னலிலும் கேட்டது, போனிலும் கேட்டது. தன் வீட்டுச் சத்தம்தான் போனுக்குள் போய்த் திரும்பி வருகிறதென்று நினைத்து ரதி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியும் போனில் பாங்கு கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"சரிம்மா. நீ வெயில்ல அலையாத. மாப்பிள்ளைய கேட்டதாச் சொல்லு."

ஒரு வார்த்தை கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அப்படியே நம்பிவிடுகிறாரே. போனை வைத்தாள். கார் சாவியை எடுத்துக்கொண்டு, அப்பாவைக் கூட்டிவரப் போகிறேன் என்று கணவனிடம் சொன்னாள்.

சசிதரன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். "கூட்டிட்டு வாயேன். நான் எப்பவாவது வேணாம்னு சொன்னேனா? ராத்திரியில அந்த அலாரத்த அடைச்சி வச்சா முடிஞ்சது லா."

அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் கூசியது. இத்தனை வாரமும் பழியை மனதுக்குள் அவன் மீதல்லவா போட்டுவைத்திருந்தாள்.

போர்டிக்சன் சாலையில் போகும்போது என்ன சொல்வதென்று பேசிப் பார்த்தாள். வெயில் குறைஞ்சிடுச்சுப்பா என்று சொல்லலாம். அதுவும் பொய். பொய் சொல்லிட்டேம்பா என்று இரண்டு தடவை முயன்றாள். காரில் தனியாக இருந்தும் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. அப்பா வீட்டில் பூட்டுத் தொங்கியது. கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டு மங்கம்மா பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். லயத்தை இடிக்கப் போகிறார்களாம். காலி செய்யச் சொல்லி இரண்டு மாதத்துக்கு முன்பே எல்லாருக்கும் கடிதம் வந்துவிட்டதாம். மூத்த மகனுக்கு ராசா என்ற ஊரில் வீடு கிடைக்கத் தாமதமானதால், தான் மட்டும் கடைசியாகக் கிளம்புவதாகச் சொன்னாள்.

இரண்டு மாதம். அப்பா ஏன் கேட்டார் என்பது ரதிக்கு அப்போதுதான் புரிந்தது.

"அப்பா எங்கக்கா? அவரக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். இனிமே என் வீட்டுலதான் இருக்கப் போறாரு."

மங்கம்மா கையிலிருந்த சட்டியை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னா புள்ள வெளாடுற? அவரு பெட்டிய செண்டாயான் போற வேன்ல நான்தானே ஏத்திவிட்டேன். ரெண்டு மாசமா உன் வீட்டுலதானே இருக்காரு?"