கடைசிப் பக்கத்துக் கையெழுத்து

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கிடைத்தது பத்து வயதுப் பிள்ளைகளின் நாற்காலி. முட்டி மேசையில் இடித்தது.

பள்ளியில் நடக்கும் இந்தக் கூட்டத்துக்கு வழக்கமாக மனைவிதான் வருவாள். இன்று ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. “கையெழுத்து மட்டும் போட்டுட்டு வந்துடுங்க” என்று அனுப்பிவிட்டாள்.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். புத்தகத்தைத் திறந்தால் அவளுக்கு எழுத்துகள் இடம் மாறிப்போகும். அதனால் வருடா வருடம் அவளுக்கென்று தனியாக ஒரு கல்வித் திட்டம் போடுவார்கள்.

சிறப்பு ஆசிரியை ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். தேர்வில் அரை மணி நேரம் கூடுதல். கேள்வியை இன்னொருவர் படித்துக் காட்டலாம். விடையை வாயால் சொல்லலாம்.

மெக்கானிக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

“எழுந்து படின்னா உடனே வயித்து வலிங்கிறா சார். நடிக்கிறாளோன்னு பார்த்தோம்” என்றார் ஆசிரியை.

“நடிப்பு இல்லைங்க. நிஜமாவே வலிக்கும்.”

தன் குரல் இத்தனை சத்தமாக வரும் என்று மெக்கானிக்கே எதிர்பார்க்கவில்லை.

ஆசிரியை அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு திட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்: வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது.

மகளின் கால் ஆட்டம் நின்றது.

கடைசிப் பக்கம் வந்தது. வீட்டில் தினமும் இருபது நிமிடம் பெரியவர் ஒருவர் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அம்மாவுக்குப் பெரும்பாலும் மாலை வேலை.

“அப்போ நீங்கதானே சார்?” ஆசிரியை பேனாவை நீட்டினார்.

பதினெட்டாவது மாடியில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று வேலை பார்க்கும்போதுகூட வியர்க்காத கை, இப்போது வியர்த்தது.

கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். வங்கியிலும் வேலையிலும் இத்தனை காலம் அப்படித்தான் எழுந்து போயிருக்கிறார்.

பேனாவை மேசையில் வைத்தார்.

“எனக்கும் படிக்க வராது டீச்சர். எழுத்து எனக்கும் ஒரு இடத்துல நிக்காது. வயரைக் கலர் பார்த்துத்தான் வேலை கத்துக்கிட்டேன்.”

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, உனக்குமா?”

திரும்பிப் பார்த்தார். மகள் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. ஊரெல்லாம் தேடிய கூட்டாளியை வீட்டுக்குள்ளேயே கண்டுபிடித்துவிட்ட முகம் அது.

வீட்டில் படித்துக் காட்டும் அந்த வரியை ஆசிரியை அடித்தார். மேலே புதிதாக எதையோ எழுதி, தாளை மகள் பக்கம் திருப்பி வைத்தார்.

மகள் விரலை ஊன்றி, எழுத்தெழுத்தாகத் தன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள்.

“வா... ரம்... மூன்று... நாள்... பள்... ளியில்... இ... ரு... வ... ருக்கும்... வா... சிப்... புப்... ப... யிற்... சி.”

அதன் பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.