லண்டனிலிருந்து வந்த அழைப்பு

"என் மகன் லேசுப்பட்ட ஆளில்லீங்க. லண்டன்லருந்து கேத்தரின் வில்லியம்ஸ்னு ஒரு அம்மா மெயில் போட்டாங்க. கிட்னி ஆபரேஷன் பத்தின கட்டுரைய இவன் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் பத்திரிகையில போடுவாங்களாம்!"

பெண் பார்க்க வந்த இடத்தில் அம்மா மோலி இப்படி அளந்துவிட, டேவிஸுக்குக் கேசரி தொண்டையை அடைத்தது. அவன் மைசூரில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவன்.

"ஹௌதா? அப்படியா?" என்று மலைத்துப்போனார் பெண்ணின் அப்பா பர்னபாஸ். "நம்ம ஈவ்லின் இங்க மைசூர்லயே ஹெப்பாள்ல கம்ப்யூட்டர் வேலை பாக்கறா. ஆனா இந்த அளவுக்கெல்லாம் இல்லீங்க."

தனியாகப் பேசச் சொல்லி இருவரையும் மாடிக்கு அனுப்பினார்கள். மேலே போனதும் டேவிஸ் உண்மையைக் கொட்டிவிட்டான்.

"அம்மா சொன்னத நம்பாதீங்க. அது டுபாக்கூர் பத்திரிகை. யாரோ டாக்டருக்குப் போக வேண்டிய மெயில் எனக்கு வந்துடுச்சு. முடியாதுன்னு எழுதிட்டேன்."

"தெரியும்" என்றாள் ஈவ்லின். "மைசூர் மகாராஜாக்களுக்கும் கிட்னி இருந்துச்சுங்கறதத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதியிருந்தீங்க."

டேவிஸ் திருதிருவென விழித்தான். "லண்டனுக்குப் போட்ட பதில் உங்களுக்கு எப்படி...?"

"அது ஹெப்பாள்ல எங்க ஆபீசுக்குத்தான் வந்துச்சு. கேத்தரின் வில்லியம்ஸ் நான்தான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளே தொடர்ந்தாள். "அந்தப் பொய்ப் பேர்ல கண்டவங்களுக்கெல்லாம் மெயில் அனுப்பறதுதான் என் வேலை. எல்லாரும் படிக்காமலே 'அருமை'ன்னு எழுதினாங்க. தெரியாதுன்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான். அதான் எங்க சர்ச் பாஸ்டர் வரன்னு உங்க பேரச் சொன்னதும் வரச் சொல்லுங்கன்னேன்."

கீழிருந்து மோலி குரல் கொடுத்தாள். "என்னடா, என்ன முடிவு?"

"லண்டன்லயே சரின்னுட்டாங்கம்மா!" என்றான் டேவிஸ்.