உப்பளத்தில் கோடைமுகாம்

கோடைமுகாமுக்குப் பணம் ஒதுக்கிய ஊர்களில் குண்டூசி குத்திய மாவட்ட வரைபடத்தில் சாய்ந்து, அலுவலகத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தால், நகரத்தின் நாலு ஊசிகளில் ஒன்று என் சட்டையில் இருந்தது. பதற்றத்தில் கைபோன இடத்தில் குத்தினேன். அது உப்பளம். கேரம்போர்டும் பந்துகளும் பயிற்சியாளரும் அங்கேயே போய்ச் சேர்ந்தாயிற்று. மேலதிகாரி கண்டுபிடித்து, எல்லாவற்றையும் நகரத்துக்கே திருப்பிக் கொண்டுவர என்னையே அனுப்பினார்.

அங்கே போய் இறங்கியதும், உப்பளத் தொழிலாளி சவேரியம்மாள் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். "எங்களையும் நெனச்சுப் பாத்தீகளே, நல்லாருப்பீக சார்!"

என் தூக்கத்துக்கு இதுவரை யாரும் நன்றி சொன்னதில்லை.

"முகாம் இல்லேன்னா லீவுல பிள்ளைங்க என்னம்மா செய்யும்?" என்றேன்.

"போன வருசம் மாதிரி எங்ககூட உப்பு வாரும் சார்."