வக்கீலுக்கு மட்டும் கைதட்டல்

"வெரிகுட் சார்! பிரமாதம்!"

பிசியோ மேடம் கைதட்டியதும் டெய்லர் மாஸ்டருக்கு வயிறு பற்றி எரிந்தது.

அப்படி என்ன கிழித்துவிட்டார் அந்த வக்கீல்? மேஜைமேல் விரித்திருந்த துண்டைக் கையால் ஒரு சாண் தூரம் தள்ளினார். அதிலும் பாதித் தூரம் மேடமே பிடித்துத் தள்ளிவிட்டார். அதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டம்!

இரண்டு பேருக்கும் பக்கவாதம். இரண்டு பேருக்கும் விழுந்தது வலது பக்கம்தான். ஒரே ஹாலில், பக்கத்துப் பக்கத்து மேஜையில் பயிற்சி. கவனிப்பு மட்டும் வேறு வேறு.

மாஸ்டருக்குத் துணி கிளிப் பயிற்சி. வலது கை விரல்களால் கிளிப்பை அமுக்கிப் பிடித்து, கம்பியில் ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். இடது கை ஒத்தாசைக்கு ஓடி வந்துவிடாமல் இருக்க, அதற்கு ஒரு தடித்த உறையைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். முக்கி முனகி, வியர்த்து விறுவிறுத்து ஒரு வரிசையை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

மேடம் கைதட்டவில்லை.

"என்ன மாஸ்டர் இது? மறுபடியும் தோளைத் தூக்கறீங்க! விரல் செய்ய வேண்டிய வேலையைத் தோள் செய்யுது. எல்லாத்தையும் கழட்டுங்க. முதல்லேர்ந்து!"

"வலிக்குது மேடம்."

"வலிக்கட்டும். திரும்பக் கத்தரிக்கோல் பிடிக்கணும்னு சொன்னது நீங்களா, நானா?"

வக்கீல் கோணிய வாயால் லேசாகச் சிரித்ததுபோல் இருந்தது. மாஸ்டருக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் மனைவியிடம் பொரிந்து தள்ளினார்.

"எல்லாம் ஆள் பார்த்துத்தான். அவர் கார்ல வந்து இறங்கறார். நாம பஸ்ல தொத்திக்கிட்டு வர்றோம்."

"சும்மா இருங்க. அந்த மனுஷரைப் பார்த்தாலே பாவமா இருக்கு."

"என்ன பாவம்? அவர் விரலை அசைச்சாலே பாராட்டு விழா நடத்தறாங்க. நான் என்ன அந்தம்மாவுக்கு ரவிக்கையை இறுக்கமாவா தைச்சுக் கொடுத்துட்டேன்?"

மனைவி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

அதற்கப்புறம் மாஸ்டரின் கண் கிளிப்பில் நிலைக்கவில்லை. வக்கீலுக்கு என்ன பயிற்சி, அவரிடம் மேடம் எப்படிக் குழைகிறார் என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது. பிளேடு முனையால் தையல் பிரித்துப் பழகிய கண்; ஒன்றும் தப்பவில்லை.

ஒருநாள் வக்கீல் துண்டை லேசாகத் தள்ளிவிட்டு, அப்படியே மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார்.

"போதும் சார். களைப்பா இருக்கும். ரெஸ்ட் எடுங்க" என்றார் மேடம், அத்தனை இதமாக.

மாஸ்டர் வெடித்துவிட்டார்.

"நல்லா இருக்கு மேடம்! நான் களைச்சா 'முதல்லேர்ந்து'. அவர் களைச்சா ரெஸ்ட்டா? வக்கீலுக்கு ஒரு சட்டம், டெய்லருக்கு ஒரு சட்டமா?"

மேடத்தின் முகம் வாடிவிட்டது. வக்கீலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

வக்கீல் இடது கையை அசைத்து மாஸ்டரைக் கூப்பிட்டார். ஒரு காலத்தில் கோர்ட்டே கிடுகிடுக்க வாதாடியவராம். இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் எங்கெங்கோ தேடி எடுத்துவர வேண்டியிருந்தது.

"உங்க மேல... எனக்குத்தான்... பொறாமை."

"என் மேலயா? தினம் திட்டு வாங்கிக் கட்டிக்கறேன் சார் நான்!"

"அதான். நீங்க... தேறிடுவீங்க. அதனால... திட்டறாங்க. முன்னாடி... என்னையும்..." வக்கீல் துண்டின் மேல் கிடந்த தன் வலது கையைப் பார்த்தார். "இப்ப... நிறுத்திட்டாங்க."

மாஸ்டர் தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். ஒரு கிளிப்பை எடுத்தார். மாட்டாமலே கீழே வைத்தார்.

மேடம் திரும்பி வந்ததும் வக்கீல் மறுபடியும் துண்டில் கை வைத்தார். துண்டு நகர்ந்ததோ இல்லையோ என்கிற அளவுக்கு நகர்ந்தது.

"வெரிகுட் சா..."

"என்ன வெரிகுட்?" மாஸ்டரின் குரல் ஹாலை உலுக்கியது. "சார், அது கையா, கல்லா? உடம்பைச் சாய்ச்சுத் தள்ளி யாரை ஏமாத்தப் பார்க்கறீங்க? நிமிர்ந்து உட்காருங்க. ம், தள்ளுங்க மறுபடியும்! துண்டு அந்த ஓரத்தைத் தொடாம இங்கேர்ந்து எழுந்திருக்கக் கூடாது!"

"மாஸ்டர்!" மேடம் பதறிப்போய்க் குறுக்கே வந்தார். "உடம்பு முடியாதவர்கிட்ட இப்படியா பேசறது? உங்களுக்கு ஏன் இவ்வளவு பொறாமை?"

வக்கீல் இடது கையைத் தூக்கி மேடத்தைத் தடுத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் நீர் கோத்திருக்க, ஒரே மூச்சில், திக்காமல் திணறாமல் சொன்னார்:

"ஆட்சேபணை இல்லை!"