பல்லுக்கு மருந்து

"பீடி நாத்தமே இல்லையே அண்ணாச்சி!" என்று வியந்தாள் பல் நர்ஸ் ஞானசுந்தரி.

பட்டாசுக் கம்பெனி வாசலில், வேப்பமரத்தடியில் இலவச முகாம். வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தவர் செல்லப்பாண்டி. போன மாதம் அதே வாயில் கறையைச் சுரண்டிவிட்டு, "பீடியை விடாவிட்டால் ஈறு அழுகிப் பல்லெல்லாம் கொட்டிப் போகும்" என்று மூச்சு முட்டப் பேசியிருந்தாள். கேட்டுக்கொண்டவர் எழுந்துபோய் ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

இன்றோ ஈறு வீக்கம் வற்றியிருந்தது.

"அப்போ என் பேச்சு வேலை செஞ்சிருக்கு!" என்றாள் பெருமையாக.

"பேச்சா? அது யாரு காதுல விழுந்துச்சு? எல்லாம் நீங்க குடுத்த பொட்டலந்தாம்மா. ரெண்டு வேளையும் தேய்க்கேன். பல்லிடுக்குல அது ஒட்டிக்கிட்டுக் கெடக்கையில, வாய்க்கிட்ட தீக்குச்சியக் கொண்டுபோக முடியுமா?"

"ஏன், கொண்டுபோனா என்ன?"

"என்னம்மா இப்பிடிக் கேக்கீக! 'பல்லுக்கு மருந்து'ன்னு சொல்லித்தான குடுத்தீக? சின்னப்புள்ளையில இருந்து வெடிக்கு மருந்து இடிக்கிறவன் நான். மருந்து என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதா?"

ஞானசுந்தரிக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. அது உப்பும் கிராம்பும் கலந்த வெறும் பல்பொடி என்று சொல்ல வாயெடுத்தாள். செல்லப்பாண்டிக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி இருளம்மாள், 'சொல்லிராதீக' என்று கண்ணாலேயே கெஞ்சிக் கைகூப்பினாள்.

ஞானசுந்தரி இன்னொரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"சூதானம் அண்ணாச்சி. இது போன மாசத்து மருந்தைவிட வீரியம் ஜாஸ்தி."

செல்லப்பாண்டி அதை இரண்டு கையாலும் வாங்கி, வெயில் படாமல் துண்டுக்குள் பொதிந்துகொண்டார்.